பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களா? முதல் மேடைக்கு ஒரு வழிகாட்டி

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துல நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். நீங்களும் ஒரு வேகத்தில் சரி என்று தலையாட்டிவிட்டீர்கள். இப்போது வயிற்றைப் பிசைகிறது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏற்கெனவே மேடையேறிப் பொன்னாடை வாங்கிப் பழகியவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு விழாவில் பேசுவதற்காக ஃபுல்ஸ்கேப் தாளில் நான்கு பக்கம், அடுக்கடுக்கான தூய தமிழில் எழுதி, ஒரு வாரம் உருப்போட்டேன். மேடையில் முதல் பக்கம் மழை மாதிரி கொட்டியது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் "எனினும்" என்று ஒரு சொல் வரும். அதற்கு அடுத்த சொல் வரவில்லை. "எனினும்..." என்றேன். மறுபடியும் "எனினும்..." என்றேன். மூன்றாவது முறை பின்வரிசைப் பையன்களும் சேர்ந்து "எனினும்" என்றார்கள். அரங்கமே சிரித்தது, நான் நன்றி வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன். இன்றைக்கும் அந்த வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் எனினும்தான்.

எங்கே தப்பு நடந்தது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. அந்த நான்கு பக்கத்தை நான் கண்ணால் படித்திருந்தேனே தவிர, ஒருமுறைகூட இன்னொருவரிடம் பேசுகிற மாதிரி வாய்விட்டுச் சொன்னதில்லை. தாளில் இருந்த வரிசைதான் மனதில் இருந்தது, விஷயம் இல்லை. அதனால் ஒரு சொல் கழன்றதும் பின்னால் இருந்த மொத்தமும் கழன்றுவிட்டது. பேச்சை வாயாலேயே தயாரிக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான்.

சும்மா பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நீங்கள் வங்கியிலோ கணினித் துறையிலோ வேலை பார்க்கிறீர்கள். உங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தில், போனில் நடக்கும் பண மோசடி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள்

எத்தனை பேர் வருவார்கள், யார் யார், எனக்கு முன்னால் யார் பேசுகிறார், எனக்குப் பின்னால் என்ன, மைக் உண்டா, திரை உண்டா, எத்தனை நிமிடம். கடைசிக் கேள்விக்கு நம் ஊர் அமைப்பாளர்கள் நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். "அட, நீங்க பேசுங்க சார், பாத்துக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். "எனக்கு அடுத்து என்ன சார்?" என்று கேட்டால் "சாப்பாடுதான்" என்று உண்மை வெளியே வரும். சாப்பாட்டுக்கு முந்திய பேச்சு என்றால் உங்களுக்குப் பத்து நிமிடம் கிடையாது, ஏழுதான். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் பத்து கிடைக்கும், ஆனால் பாதிப் பேர் தூங்குவார்கள். இரண்டுக்கும் தயாரிப்பு வேறு.

ஒரே வாக்கியம்

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவரை அவர் மனைவி "என்னங்க பேசினாங்க?" என்று கேட்கிறார். அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களோ, அதுதான் உங்கள் பேச்சு. நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கலாம்: "போலீஸ்னு சொல்லி யாராவது போன்ல மிரட்டினா கட் பண்ணிடணும், பணம் போயிட்டா உடனே 1930க்குப் போன் பண்ணணும்." (1930 என்பது இணையப் பண மோசடியைப் புகார் செய்வதற்கான அரசு உதவி எண்.) இந்த வாக்கியத்தைப் பேச்சு வழக்கிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த வாக்கியம் கிடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். "இணையக் குற்றங்கள் - ஒரு பார்வை" என்பதெல்லாம் அழைப்பிதழில் போடுவதற்கான தலைப்பு. அதைக் கேட்டுக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

எழுதுவதற்கு முன் பேசுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். போனில் குரல் பதிவை ஆன் செய்துவிட்டு, எதிர் நாற்காலியில் உங்கள் பெரியப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த விஷயத்தை அவருக்குச் சொல்லுங்கள். உளறும், திரும்பத் திரும்ப வரும், பரவாயில்லை. நிறுத்தாமல் முடியும்வரை பேசுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், எல்லோருக்கும் தன் குரலைக் கேட்டால் அப்படித்தான். எந்த இடத்தில் உங்கள் குரலில் உயிர் வந்தது, எந்த இடத்தில் நீங்களே சலித்துக்கொண்டு பேசினீர்கள் என்று தெரியும். சலித்த இடத்தை எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை பேசுங்கள். மூன்றாவது பதிவில் ஒரு வரிசை தானாக வந்திருக்கும்.

இப்போது பேனாவை எடுக்கலாம். கெட்டி அட்டை ஒன்று போதும், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்கூடச் சரி. மெல்லிய தாள் வேண்டாம். கையில் இருக்கும் சின்ன நடுக்கத்தைத் தாள் பத்து மடங்காகக் காட்டிக்கொடுத்துவிடும், மைக் பக்கத்தில் இருந்தால் சரசரவென்று சத்தமும் வரும். அட்டையில் முழு வாக்கியம் எழுதக் கூடாது. தூரத்தில் இருந்து பார்த்தாலும் படிக்கிற அளவில் பெரிய எழுத்தில் இவ்வளவுதான்:

பக்கத்து வீட்டு மாமா - காலை 11 மணி போன்
பார்சல், போதைப்பொருள், வீடியோ கால்
ஏன் நம்பினார்? (பயம் + தனிமை)
டிஜிட்டல் அரெஸ்ட் - சட்டத்தில் கிடையாது
போனை வை, வீட்டில் சொல்
1930 - இப்போதே சேமி

ஆறு வரி. (டிஜிட்டல் அரெஸ்ட் என்பது போலீஸ் என்று சொல்லி, வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் மோசடி.) ஒவ்வொரு வரியும் ஒரு கதவு மாதிரி, அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே மூன்று முறை பேசித் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் வரும். அப்படித்தான் வர வேண்டும்.

முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மேடையேறிய முதல் நிமிடத்தில்தான் மூளை வேலை செய்யாது, அப்போது வாய் தானாக ஓட வேண்டும். கடைசி வாக்கியம் எதற்கு என்றால், அது இல்லாதவர்கள்தான் "இறுதியாக" என்று நான்கு முறை சொல்லிவிட்டு இறங்க வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

வணக்கத்தில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்

"விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும்..." என்று மேடையில் இருக்கும் பதினோரு பேரையும் பட்டப்பெயரோடு அழைத்தால் இரண்டு நிமிடம் போய்விடும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் அது தனிச் சண்டை. தலைவர் பெயரையும் உங்களை அழைத்தவர் பெயரையும் சொல்லி, "மேடையில் இருக்கும் பெரியவர்கள், எதிரே இருக்கும் நீங்கள், எல்லோருக்கும் வணக்கம்" என்று முடித்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்து, "எனக்கு அவ்வளவாகப் பேச வராது, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்" என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடுங்கள். அதைச் சொன்ன நொடியில் இருந்து ஆட்கள் தவறைத் தேட ஆரம்பிப்பார்கள்.

தொடக்கத்தை இப்படிப் பாருங்கள். "இன்றைய நவீன உலகில் தொழில்நுட்ப வளர்ச்சி அசுர வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது" என்று ஆரம்பித்தால், அவர்கள் இதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள், கை தானாகச் செல்போனுக்குப் போகும். "போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. என் பக்கத்து வீட்டு மாமா சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது" என்று ஆரம்பித்தால் அந்த முருங்கைக்காய்க்காகவே நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்த மாமா உண்மையில் இருக்க வேண்டும், அல்லது "ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். கற்பனையை நடந்ததாகச் சொன்னால், கேள்வி நேரத்தில் "எந்தத் தெரு மாமா?" என்று ஒருவர் கேட்பார்.

எந்தத் தமிழில் பேசுவது

வீட்டில் பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசும் தமிழே போதும். "போனார், சொன்னார், நாம் செய்ய வேண்டியது" என்று கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டால் சரி. மேடைக்கென்று ஒரு அடுக்குமொழியை வாடகைக்கு எடுத்து வந்தால் அது எனினும் ஆகிவிடும், எனக்கு அனுபவம் உண்டு.

நம் மொழியில் ஒரு சங்கதி இருக்கிறது, பேச்சுப் பயிற்சி சொல்லித்தருபவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் வாக்கியத்தின் கடைசியில்தான். ஆக, எது முக்கியமோ அதுதான் விழுங்கப்படுகிறது. "வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்லக் கூடாது" என்ற வாக்கியத்தில் "கூடாது" மட்டும் மூன்றாவது வரிசைக்குக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, வாக்கியத்தைச் சின்னதாக உடைப்பது: "ஓடிபி எண். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது." இரண்டு, வீட்டில் பழகும்போது கடைசிச் சொல்லை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் ஓங்கிச் சொல்லிப் பழகுவது. ஒரு வாரம் செய்தால் பழகிவிடும்.

ல, ள, ழ பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. நிதானமாகப் பேசினாலே பாதி சரியாகிவிடும், மீதியை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தமிழாசிரியர்கள் நிறைந்த சபை என்றால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை.

நேரம்

நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று ஆங்கிலப் பேச்சுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பித் தமிழில் எழுதினால் நேரம் எகிறிவிடும். "ஏமாற்றப்பட்டவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். சொல்லை எண்ணாதீர்கள், பதிவின் நீளத்தைப் பாருங்கள். மேடையில் சிரிப்பு, கைதட்டல், மைக் சரிசெய்வது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேரும். பத்து நிமிடம் கொடுத்தால் வீட்டில் எட்டுக்குள் முடிய வேண்டும்.

கூடவே ஒரு நான்கு நிமிடப் பேச்சும் கையில் இருக்கட்டும். உங்களுக்கு முன்னால் பேசுகிறவர் தன் பள்ளி நாட்களில் இருந்து ஆரம்பித்து முப்பது நிமிடம் எடுத்துக்கொள்வார், பிறகு அமைப்பாளர் வந்து காதில் "சார், கொஞ்சம் சுருக்கமா" என்பார். இது நடக்கும், நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அட்டையில் எந்த வரிகளை விடுவது என்று முன்பே முடிவு செய்து ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நம் அட்டையில் 1, 4, 6 மட்டும் போதும். வேகமாகப் பேசி எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்லைடு வேண்டுமா?

ஓய்வூதியர் சங்கத்துக்கு வேண்டாம் என்பேன். அலுவலகம், கல்லூரி செமினார் என்றால் தவிர்க்க முடியாது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும், திரையில் இருப்பதை அப்படியே படிக்கக் கூடாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை நிற்கும். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். நிர்மலா யுஐ என்ற யூனிகோடு எழுத்துரு விண்டோஸ் 8இல் இருந்து கூடவே வருகிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம். அதோடு பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துப் பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்துவிடுங்கள்.

பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது பி விசையை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். மக்கள் உங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் இது பெரிய உதவி. ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகலாம், யாராவது "அந்த மூணாவது படத்தை மறுபடி காட்டுங்க" என்றால் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்றைக்கு

அரை மணி நேரம் முன்னதாகப் போய் மைக்செட்காரரிடம் பேசிவிடுங்கள். அந்த அரங்கத்தில் உங்கள் மானம் அவர் கையில்தான் இருக்கிறது. கையில் பிடிக்கும் மைக் என்றால் மோவாய்க்குக் கீழே நான்கு விரல் இடைவெளி, தலை திரும்பினால் மைக்கும் திரும்ப வேண்டும். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். இரண்டுமே கீச்சென்று ஊளையிட வைக்கும். சட்டையில் குத்தும் மைக் என்றால் சங்கிலி, துப்பட்டா உரசாத இடமாகப் பார்த்துக் குத்தச் சொல்லுங்கள்.

உங்கள் பெயரை அழைப்பதற்கு முந்தைய இரண்டு நிமிடம்தான் நரகம். இதயம் அடித்துக்கொள்ளும், வாய் வறண்டுவிடும், கை சில்லிடும். அட்ரினலின் வேலை அது, வெளியே இருப்பவர்களுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்தாறு முறை. வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் துடிப்பு இறங்கும். தண்ணீர் பாட்டிலின் மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், நடுங்கும் கையால் புது மூடி திறப்பது சிரமம்.

மேடையில் நின்றதும் உடனே ஆரம்பிக்காதீர்கள். அட்டையை வையுங்கள், மைக்கைச் சரிசெய்யுங்கள், நிமிர்ந்து பாருங்கள், பிறகு வணக்கம். முன்வரிசையைப் பார்த்துப் பேசுவது வீண். அங்கே இருக்கும் பிரமுகர்கள் போனைப் பார்த்துக்கொண்டோ ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டோ இருப்பார்கள், அதைப் பார்த்தால் தெம்பு போய்விடும். நான்காவது ஐந்தாவது வரிசையில் இடப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், தலையாட்டிக் கேட்கிற முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டு மாறி மாறி அவர்களிடம் பேசுங்கள். ஒருவரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

மறந்துவிட்டால்? நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு யுகம் மாதிரி தோன்றும் அந்த மூன்று நொடி, கேட்பவர்களுக்கு நீங்கள் யோசித்துப் பேசுகிறீர்கள் என்றுதான் படும். அப்படியும் வரவில்லை என்றால் கடைசியாகச் சொன்ன விஷயத்தையே வேறு சொல்லில் ஒருமுறை சொல்லுங்கள், பெரும்பாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்துவிடும்.

முடிக்கும்போது கேட்பவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். "எல்லோரும் போனை எடுங்கள். 1930, சைபர் உதவி என்று இப்போதே சேமியுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே காத்திருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உதவுவார்கள், சலசலப்பு எழும், அரங்கம் விழித்துக்கொள்ளும்.

கேள்வி வந்தால் அதை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்றால் மரியாதை ஏறுமே தவிர இறங்காது. கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து தனிப் பேச்சே நிகழ்த்தும் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் "நல்ல விஷயம் சொன்னீங்க ஐயா" என்று நன்றி சொல்லி அடுத்த கையைக் காட்டிவிடுங்கள்.

இறங்கிய பிறகு

நண்பரிடம் சொல்லிப் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லியிருப்பீர்கள் அல்லவா, அதை அன்றைக்கே கேட்க வேண்டாம். மறுநாள் கேளுங்கள். "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா", "ஆக்சுவலி", இவை எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். என் பதிவு ஒன்றில் எட்டு நிமிடத்தில் 31 "பார்த்தீங்கன்னா" இருந்தது. அந்த இடத்தில் வாயை மூடி ஒரு நொடி சும்மா இருப்பதுதான் மருந்து.

1924இல் அமெரிக்காவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இப்படி எண்ணுவதற்கென்றே கூட்டத்துக்கு ஒருவரை நியமிப்பார்கள், நேரத்துக்கு இன்னொருவர். ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சு என்றால் ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்கு. தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் மன்றங்கள் இருக்கின்றன, தமிழிலேயே நடப்பவையும் உண்டு. பொதுவாக விருந்தினராகப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். பக்கத்தில் மன்றம் இல்லை என்றால் குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர் கூட்டம், அலுவலகப் பிரிவு உபசார விழா என்று எங்கே கிடைத்தாலும் நன்றியுரையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை, எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருக்கும் நேரம் என்பதால் சொதப்பினாலும் யாருக்கும் தெரியாது, அதை வேண்டும் என்று கேட்கிற ஆளே கிடையாது என்பதால் உடனே கொடுத்துவிடுவார்கள்.